இடது தொடை

டாக்டர் உமையொருபாகத்துக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பதற்காக மருத்துவர் நல வாரியம் அவரை ஏலகிரி மலைக்கு அனுப்பிவைத்தது. சங்கரன்கோவிலில் பாதி ஊருக்கு மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை, "கண்ணை மூடுங்கள், மெதுவாக இழுங்கள், இப்போது விடுங்கள்" என்று ஒரு வாரம் பாயில் உட்கார்த்தி வைத்தார்கள்.

அந்த ஒரு வாரமும் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவருடைய கிளினிக் வரிசையைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதை உண்டு. வாந்தி என்று வந்து வரிசையில் நின்ற புதுப்பெண், உள்ளே கூப்பிடும்போது பிள்ளையை நடக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனாளாம். கட்டிவிட்டது நான்தான். இன்றுவரை யாரும் மறுத்ததில்லை.

மருந்து கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்து, ஓய்வு பெற்றவன் நான். ஊர் வழக்கில் 'ரெப்பு'. இருமல் மருந்து விற்றே தெப்பக்குளத்தை மூன்று தடவை நிரப்பியிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் கால் கேட்கவில்லை. சாயங்காலமானால் பழைய பையைத் தூக்கிக்கொண்டு பாகம் டாக்டரின் கிளினிக்கில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் கார் ஓட்டுவதை நிறுத்தியபிறகு ஓட்டுநர் வேலையும் எனக்குத்தான். தானே ஓடும் கார்கள் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஆனால் அவற்றில் ஏறினால் திட்டுவதற்கு ஆள் இல்லை என்பார் டாக்டர்.

காலம் அவ்வளவு முன்னேறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தைத் தட்டில் விட்டால் தட்டு பேசுகிறது. மருந்து மொட்டைமாடிக்கே பறந்து வருகிறது. மருத்துவர்கள்தான் மிச்சமில்லை. ஒருவர் போர்டைக் கழற்றிவிட்டு மீன்தொட்டிக் கடை வைத்தார். மீன் செத்தால் யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை என்றார். ஒருவர் கனடாவில் ஆப்பிள் பறிக்கிறார். இன்னொருவர், ராஜபாளையம் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தவர், பாகம் டாக்டரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மற்றவர்கள்தான் உடைத்துத் திறந்தார்கள். அதை மட்டும் நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் வாரியம் விழித்துக்கொண்டது. வட்டாரத்துக்கு ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து, மற்ற மருத்துவர்களைக் கவனித்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்து, 'நலத் தலைவர்' என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்துக்குப் பாகம் டாக்டர்.

மலையிலிருந்து இறங்கி வந்தவரிடம் கேட்டேன்: "டாக்டரே, இப்ப மூச்சு ஒழுங்கா விட வருதா?"

"வருதுவே. ஆனா சர்டிபிகேட்டு வந்த பொறவுதான் விடணுமாம்."

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு கிளிப்புகள், காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி.

"செவிட்டு மிஷினா?"

"ஒமக்கு வாய்க்குத்தான் ஒண்ணு மாட்டணும். கேளும். ஒரு டாக்டர் கையில ஒருத்தன் போயிட்டான்னா, அந்தச் சாவு அவர்கிட்ட தங்கிருது. அடுத்தவனுக்கு நாடி பிடிக்கும்போது அது கையில நடுங்குது. பத்து சாவு சேர்ந்தா மீன்தொட்டி. இருபது சேர்ந்தா…" நிறுத்தி, தண்ணீர் குடித்தார். "இந்தக் கிளிப்பு அந்த வலியை மட்டும் எறக்கிரும். நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். யாரு, என்ன காய்ச்சல், என்ன ஊசி, எல்லாம் இருக்கும். குத்துறது மட்டும் இருக்காது."

"ரெண்டாவது எதுக்கு?"

"நடத்துற ஆளு மாட்டணும்."

"ஒமக்கு மேல யாரும் உண்டா?"

"மதுரையில ஒருத்தரு. அவருக்கு மேல சென்னையில ஒரு அம்மா."

"அந்த அம்மாவுக்கு மேல?"

"அதைச் சொல்லுறதுக்குள்ள டிபன் மணி அடிச்சுட்டாங்கவே."

நானும் சிரித்தேன். அரசாங்க வேலை என்றால் மேலே ஆள் மேலே ஆள் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

அந்த வருஷத்துக் காய்ச்சல் ஆடி மாதம் வந்தது. ஊரில் அப்போது மிச்சமிருந்த குடும்ப மருத்துவர்கள் இரண்டே பேர்: பாகம் டாக்டரும், திருவேங்கடம் ரோட்டில் டாக்டர் ஜெபசெல்வியும். ஜெபசெல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் கடலை மிட்டாய் வைத்திருப்பாள். ஊசி ஒன்றுக்கு மிட்டாய் ஒன்று. அந்த மிட்டாய்க்காகவே காய்ச்சல் வரவழைத்துக்கொண்ட பிள்ளைகள் தெருவுக்கு நாலு உண்டு; பெரியவர்களில் நான் ஒருவன்.

விசைத்தறித் தெருவில் மாரிச்செல்வி என்பவளின் மகன் பேச்சிராஜா. ஆறு வயது. முதல் நாள் தட்டு நல்லபடியாகத்தான் பேசியது. ஜெபசெல்வி பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினாள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கை கால் சில்லிட்டிருந்தது. ஒரு ஊசி போட்டு, இன்னொரு ஊசி போட்டு, திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் ஏற்றினாள். தாய் மயங்கி மயங்கி விழுந்ததால் அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஜெபசெல்வியே பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் பிள்ளை மானூர் தாண்டவில்லை.

மறுநாள் திருவேங்கடம் ரோட்டுக் கிளினிக் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் பாகம் டாக்டரின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வரிசையின் வால் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி ராஜபாளையம் போய்விட்டு வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஜெபசெல்வி வந்தாள். தலை சீவவில்லை.

"சார், நான் போறேன். அண்ணன் தூத்துக்குடியில ஐஸ் கம்பெனி வச்சிருக்கான். கணக்கு பாக்க ஆள் வேணுமாம்."

"உக்காரும்மா."

அவள் சுவரோரம் சாய்ந்து நின்றாள். டாக்டர்கள் இன்னொரு டாக்டரிடம் வந்தால் உட்கார மாட்டார்கள். எத்தனை வருஷம் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்! தங்களுக்கே நெஞ்சு வலித்தாலும், நின்றுகொண்டே, அத்தை மகனுக்கு வலிக்கிறாற்போலத்தான் கேட்பார்கள். நோயாளி உட்காருகிற சுழல் ஸ்டூல் என்றால் அவர்களுக்கு முள் வைத்த மாதிரி.

"அங்க இல்ல. ஸ்டூல்ல."

"சார், எனக்கு ஒண்ணும்…"

"ஏலகிரியில முதல் பாடமே இதுதான். என்னையும் உக்கார வச்சாங்க. நாப்பது வருஷத்துல முதல் தடவை. சுத்திக் கீழ விழுந்துட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு பேச்சு வந்தது.

"மடியில தலையை வச்சுப் படுத்திருந்தான் சார். மானூர் பக்கத்துல கண்ணைத் தொறந்து பாத்தான். 'ரெண்டு ஊசி போட்டீங்கல்லா? அப்ப ரெண்டு மிட்டாய்' அப்படின்னான். ஜாடி கிளினிக்குல இருக்கு. வந்ததும் தாரேன்டான்னேன். சரின்னு தலையை ஆட்டினான்." அவள் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "எந்தப் பிள்ளையைத் தொட்டாலும் இனிமே அந்தத் தலைதான் சார் கையில வரும். என்னால முடியாது."

பாகம் டாக்டர் பெட்டியைத் திறந்தார். ஒரு கிளிப்பை அவளுக்கு மாட்டினார். இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "வெளிய போம்வே" என்றார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் கன்னம் மட்டும் ஒரு தடவை இழுத்தது, பல் பிடுங்கிக்கொள்கிறவனுக்கு இழுக்குமே, அப்படி.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஜெபசெல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணாச்சி, பசிக்குது. பக்கத்துல பிரியாணி எங்க நல்லா இருக்கும்?"

அவள் தின்ற பிரியாணியில் இரண்டு ஆடுகள் இருந்திருக்கும். மறுநாளே கிளினிக் திறந்தது. அப்புறம் அந்தக் கிளினிக்கில் நடந்த வைத்தியம் இருக்கிறதே! கை நடுங்கவில்லை, முகம் வாடவில்லை, இரவு தூக்கம் கெடவில்லை. அந்தக் காய்ச்சலில் அவள் பிழைக்க வைத்த பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம். இதில் நான் அதிகம் கூட்டவில்லை. வாரியத்திலிருந்து பாராட்டி ஒரு சால்வை வந்தது, பாகம் டாக்டருக்கு.

அவருக்குத்தான் ஒரு வலி தொடங்கியது. இடது தொடையில். நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையால் தடவிவிட்டுக்கொள்வார். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது, மடியில் ஏதோ இருக்கிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பார்.

"டாக்டரே, நான் ஒரு ஆயிண்ட்மென்ட் வித்தேனே, பச்சை மூடி. அதைத் தேய்ச்சு முடவன் ஒருத்தன் குற்றாலம் வரைக்கும் ஓடினான்."

"அவன் ஓடினது ஒம்ம தொல்லை தாங்காமவே."

ஆனாலும் வாங்கித் தேய்த்தார். வலி கேட்கவில்லை. கடலை மிட்டாய்க் கடையைத் தாண்டும்போது காரை நிறுத்தச் சொல்வார். இறங்க மாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போவும்" என்பார். சர்க்கரை நோய்க்காரர், ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சிராஜாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிந்தபிறகு ஒரு நாள் ஜெபசெல்வி வந்தாள். "சார், அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமா? உங்க ஏலகிரிப் பயிற்சியில போய்ப் பாக்கச் சொல்லுவாங்களாமே."

மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற குரல். பாகம் டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போகலாம்" என்றார்.

நோயாளி இறந்த வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் டாக்டர்கள் போவதில்லை. போனால் ஒன்று அடி விழும். இல்லையென்றால் காலில் விழுவார்கள். இரண்டாவதுதான் தாங்க முடியாது. நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கியதும் விசைத்தறித் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

மாரிச்செல்வி ஜெபசெல்வியைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கவுமில்லை, காலில் விழவுமில்லை. தன் பிள்ளை கடைசியாகப் படுத்திருந்த மடிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. சுவரில் பையனின் படம், பள்ளிச் சீருடையில், முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

ஜெபசெல்வி எல்லாம் சரியாகத்தான் பேசினாள். காய்ச்சல் எப்படி ரத்தக் குழாயைப் பாதித்தது, ஏன் ஒரே இரவில் நிலைமை மாறியது, அவர்கள்மேல் தப்பே இல்லை என்று பொறுமையாக விளக்கினாள். மாரிச்செல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ தேடுகிற பார்வை. தேடத் தேட, பிடித்திருந்த கை தளர்ந்தது.

"தூக்கம் வருதா? சத்து மாத்திரை எழுதித் தாரேன், ஒழுங்கா சாப்பிடுங்க" என்று எழுந்தாள் ஜெபசெல்வி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பி, சிரித்த முகமாகச் சொன்னாள்: "அப்ப வரேன்மா."

துக்க வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. எழுந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். சாவு வந்த வாசலில் நின்று மறுபடி வருவேன் என்று சொல்வார்களா? சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். ஜெபசெல்விக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு தானாகக் கனக்குமே, அந்தக் கனம்தான் நாக்கைப் பிடித்து நிறுத்துவது. அது அவளிடம் இல்லை.

"எதுக்கு வாரீங்க?" என்றாள் மாரிச்செல்வி. கோபமாகக்கூட இல்லை. "இன்னும் யாரு இருக்கா இந்த வீட்டுல?"

அப்போதுதான் உள்ளே சத்தம் கேட்டது. பாகம் டாக்டர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், படத்துக்கு முன்னால் அப்படியே மண்டியிட்டிருந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு இரண்டு கடலை மிட்டாயை எடுத்தார். எப்போது வாங்கினாரோ, உறை கசங்கியிருந்தது. படத்தின் முன்னால் வைத்தார். "வந்ததும் தாரேன்னேன்லாடா" என்றார். அப்புறம் அவர் அழுத அழுகையை நான் எந்த அளவுக்கும் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. எழுபது வயது மனிதர், அந்தப் பிள்ளையை உயிரோடு ஒரு தடவைகூடப் பார்க்காதவர், தன் இடது தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "இங்கதாம்மா தலை வச்சிருந்தான், சூடு இன்னும் போகல, இங்கதான்" என்று அந்தத் தாயிடம் காட்டிக் காட்டி அழுதார்.

மாரிச்செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தொடைமேல் கையை வைத்தாள். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். ஜெபசெல்வி ஒரு கால் செருப்போடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது தெப்பக்குளத்தோரம் காரை நிறுத்தச் சொன்னாள்.

"அந்த வீட்டுல அது என்னது சார்?"

பாகம் டாக்டர் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

"எறங்கிரும்னு சொன்னீங்க. எங்க எறங்கும்னு நான் கேக்கல. டாக்டருக்குப் படிச்சவ, கேக்கல. உங்க மேலயா எறக்கி வச்சீங்க?"

"வலி அழியாதும்மா. இடம்தான் மாறும். வேற எப்படின்னு நினைச்ச?"

"எத்தனை பேரோடது?"

"இந்த வட்டாரத்துல மிச்சம் இருக்கிற எல்லாரோடதும். கரிவலம்வந்தநல்லூர் டாக்டரோட பிரசவம் ஒண்ணு. புளியங்குடியில ஒரு லாரி விபத்து." சிரிக்கப் பார்த்தார். "ஒடம்பு முழுக்க வாடகைக்கு விட்டிருக்கேன்."

நான் குறுக்கே விழுந்தேன்: "மதுரையில ஆள் இருக்குன்னீரே. அவரு இதுக்குத்தானா? அங்க தள்ளிவிட வேண்டியதுதானே?"

"மாசா மாசம் அனுப்பணும்னு விதி. நான் அனுப்பலவே." அவர் குளத்தைப் பார்த்தார். "அந்த மதுரைக்காரருக்கு சங்கரன்கோவில் எந்தப் பக்கம்னே தெரியாது. அவர் சென்னைக்கு அனுப்புவாரு. பேச்சிராஜா சென்னைக்குப் போயிட்டான்னா, இங்க யாருவே இருக்கா? அவனுக்கு வைத்தியம் பாத்த ஊருல ஒரு டாக்டராவது அழணும்லா?"

ஜெபசெல்வி அவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டினாள், ஜாடியிலிருந்து மிட்டாய் கேட்கிற பிள்ளை மாதிரி. "திருப்பிக் குடுங்க சார். என்னோடது அது."

"முடியாதும்மா. எல்லாம் கலந்து போச்சு. உன்னோடதை மட்டும் எடுக்கணும்னா, ரசத்துலருந்து உப்பை எடுக்கிற கதைதான். எல்லாத்தையும் நீ வாங்கணும். வாங்கினா நீ மறுபடி ஐஸ் கம்பெனிக்குப் போவ. அதுக்கா நான் மலை ஏறி மூச்சுவிடப் படிச்சேன்?"

"அப்ப எனக்கு?"

"ஒண்ணும் இல்ல," என்றார். "மன்னிச்சுக்கோ. நீ ஊர்ல இருந்தாப் போதும்னு நினைச்சேன். அந்த மாடி அறைக்கதவு ஞாபகத்துல வேற எதுவும் யோசிக்கல."

அன்றே கிளிப்புகளை உறையில் போட்டு வாரியத்துக்கு அனுப்பிவிட்டார். காரணம் என்று ஒரே வரி: கிளிப்பு நன்றாக வேலை செய்கிறது. சால்வையையும் சேர்த்து அனுப்பினார்; அது மட்டும் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் ஜெபசெல்வி எனக்கு ஃபோன் செய்தாள். "அண்ணாச்சி, விசைத்தறித் தெருவுக்குப் போகணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

"அங்கேயா? மறுபடியும்?"

"நான்தான் வரேன்னு சொல்லிட்டேனே."

முதல் தடவை மாரிச்செல்வி கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஜெபசெல்வி சுவரோரம் உட்கார்ந்தாள். மாத்திரை பற்றிப் பேசவில்லை. "பேச்சியைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. எழுந்து வந்துவிட்டோம். அடுத்த வாரமும் போனோம். அப்புறமும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தறிச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வானாம், ஓடினால் தூங்குவானாம். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னதற்கு, பறந்து வருகிற மருந்துப் பெட்டியைக் குறிபார்த்து எறிந்தானாம். அதைக் கேட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாரிச்செல்வியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஜெபசெல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், பாடம் படிக்கிற மாதிரி. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பார்க்கப் பாவமாக இருக்கும். எல்லோருக்கும் தானாக வருகிற ஒன்றை, வெளியே வாசலில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறாள் என்று தோன்றும்.

பாகம் டாக்டர் கேட்பார்: "ஏதாவது?"

"இன்னும் இல்ல" என்பேன்.

அவர் தொடையைத் தடவிக்கொள்வார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். மாரிச்செல்வி பையனின் பள்ளிப்பையைத் திறந்து காட்டினாள். பென்சில் டப்பாவுக்குள் கடலை மிட்டாய் உறைகள், ஒவ்வொன்றாக நீவி, மடித்து. "ஒவ்வொரு ஊசிக்கும் ஒண்ணு, டாக்டரம்மா. யாருக்கும் குடுக்க மாட்டான். பரிசு வாங்கின மாதிரி எண்ணிப் பாப்பான்."

ஜெபசெல்வி ஒரு உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் மடிப்பை நீவினாள். பிறகு அதை டப்பாவில் வைத்து மூடினாள். எழுந்தாள். செருப்பை மாட்டினாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், மழையில் இறங்கி நடந்தாள்.

அவள் கார் கதவைத் திறக்கும்போது மாரிச்செல்வி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா! அடுத்த வாரம் வருவீங்கல்லா?"

ஜெபசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

கார் தெருமுனை திரும்பியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தானாக இறங்கி, இடது தொடைமேல் நின்று, மெதுவாகத் தடவத் தொடங்கியது.

பச்சை மூடி ஆயிண்ட்மென்ட் என் பையில் எப்போதும் இருக்கும். முடவனைக் குற்றாலம் வரை ஓடவைத்த சரக்கு. எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்காமல் வண்டியை ஓட்டினேன்.